கட்டும் நாளிலேயே அகற்றும் கணக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காட்பாடி சந்திப்பில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது, நிற்காமல் கடந்துபோகும் நிலக்கரி ரயிலைப் பார்த்திருப்பீர்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும் கரி அப்படித்தான் நம் ஊரைத் தாண்டிச் செல்கிறது. ஒரு முழு ரயிலில் 58 அல்லது 59 பெட்டிகள். ஏறக்குறைய 4,000 டன் சரக்கு. ஒடிசாவின் தால்சர் சுரங்கங்களில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு வருகிறது. அந்தக் கரியை முதன்முதலில் கையாளுகிற இடம் எப்படி இருக்கிறது, வேலை முடிந்த பிறகு அந்த இடம் என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் சுரங்கங்களில் கரி கையாளும் பிரிவில் வேலை பார்த்துவிட்டுக் குடியாத்தத்துக்குத் திரும்பியவன் நான்.

சுரங்கத்திலிருந்து டிப்பர் லாரிகள் கொண்டுவரும் கரி, ஹாப்பர் என்னும் பெருந்தொட்டியில் விழும். கிரஷர் அதை 100 மில்லிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக நொறுக்கும். கன்வேயர் பெல்ட் அதை ஏற்றுமிடத்துக்குச் சுமந்து செல்லும். முறையான ஏற்பாடு இதுதான். பல சுரங்கங்களில் நான் பார்த்ததோ வேறு. ரயில் பாதையோரம் வெறுந்தரையில் மலைபோலக் கரியைக் கொட்டிவைத்து, லோடர் இயந்திரத்தால் வாரி வாரிப் பெட்டியில் போடுவார்கள். ஒரு ரயிலை நிரப்பப் பல மணி நேரம் ஆகும். கரி ஒவ்வொரு முறை விழும்போதும் தூசி எழும்பும். குவியல் நெடுநாள் கிடந்தால் ஆக்சிஜன் பட்டு உள்ளுக்குள்ளேயே சூடேறி, யாரும் தீ வைக்காமலே புகையத் தொடங்கும். கோடையில் அந்தப் புகையின் நடுவே இரவுப் பணி பார்த்தவர்களின் இருமலை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

இதை மாற்றக் கோல் இந்தியா நிறுவனம் 'முதல் மைல் இணைப்பு' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முதற்கட்டமாக ஆண்டுக்கு 40 லட்சம் டன்னும் அதற்கு மேலும் வெட்டும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கே மூடிய பெல்ட் வழியாகக் கரி, சைலோ என்னும் உயரமான சேமிப்புக் கோபுரத்துக்குப் போகும். அதன் அடியில் ரயில் மெல்ல ஊர்ந்துசெல்ல, எடை போட்ட கரி பெட்டி பெட்டியாக இறங்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் ரயில் நிரம்பிவிடும். லாரி ஓட்டம் குறைகிறது, தூசி குறைகிறது, பெட்டியில் அளவுக்கு மீறி ஏற்றுவதும் நிற்கிறது. இந்த மேம்பாட்டை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. புதியது வந்ததும் பழையது என்ன ஆகிறது?

நான் பணியாற்றிய ஒரு சுரங்கத்தில் சைலோ திறந்த அன்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். பழைய கிரஷர் கட்டடத்துக்கு மின் இணைப்பைத் துண்டித்ததோடு சரி. காங்கிரீட் அடித்தளம், எண்ணெய் ஊறிய மண், கருகிப்போன குவியல் தரை எல்லாம் அப்படியே கிடந்தன. மழைக்காலத்தில் அங்கிருந்து கறுப்பு நீர் வழிந்து கீழ்ப்பக்க வயல்களுக்குப் போனது. ஒருநாள் ஒரு விவசாயி வேரோடு பிடுங்கிய நெல்நாற்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வேரெல்லாம் கரித்தூள். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த இடத்தைச் சீரமைக்க நான் பணம் கேட்டு எழுதியபோது, உற்பத்தி இல்லாத இடத்துக்கு எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்குவது என்ற கேள்வியே பதிலாக வந்தது.

கரி கையாளும் நிலையத்தை அகற்றுவது, இரும்பைக் காயலான் கடை விலைக்கு விற்பதோடு முடிகிற வேலை அல்ல. முதலில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயையும் உயவு எண்ணெயையும் பத்திரமாக வெளியேற்ற வேண்டும். பிறகுதான் பெல்ட்டும் இரும்பும். அடித்தளத்தை உடைத்து எடுக்க வேண்டும். கரித்தூள் படிந்த மேலடுக்கைச் சுரண்டி, சுரங்கக் குழியில் ஆழமாகப் புதைத்து மூட வேண்டும். புதைக்காமல் விட்டால், அந்தக் கரியில் கந்தகம் கலந்த பைரைட் என்னும் தாது இருக்கும் இடங்களில் மழைநீர் அமிலமாகிவிடும். தூசி நீர் தங்கித் தெளியும் வண்டல் குட்டையை மட்டும் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு குட்டையைத் தூர்த்துவிட்டால், அகற்றும் வேலையில் கிளம்பும் சேறு முழுவதும் ஓடைக்குத்தான் போகும். இந்தத் தவறும் நடந்து பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்கூட்டியே தயாரித்து, ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனி வங்கிக் கணக்கில் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளரின் பிடியில் போட்டுவைக்க வேண்டும் என்று 2009-இல் மத்திய நிலக்கரி அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னர் அது 9 லட்சமாக உயர்ந்தது. நல்ல ஏற்பாடு. என் குறை ஒன்றே ஒன்று. வெறும் மண்மேடு கிடக்கிற ஒரு ஹெக்டேரும், பல மீட்டர் ஆழத்துக்குக் காங்கிரீட் இறங்கிய ஒரு ஹெக்டேரும் செலவில் ஒன்றாகிவிடாது. கையாளும் நிலையத்துக்கு அதன் வரைபடத்திலிருந்தே தனிக் கணக்குப் போட வேண்டும். புதிய சைலோவுக்கு மதிப்பீடு எழுதும்போதே பழையதை அகற்றும் செலவும், அந்தச் சைலோவையே ஒருநாள் அகற்றும் செலவும் அதே தாளில் ஏற வேண்டும். கரி விற்றுப் பணம் வரும் காலத்தில்தான் அந்தப் பணத்தை எடுத்துவைக்க முடியும்.

இதை நம் வட்டாரத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. வட ஆற்காட்டிலிருந்து எத்தனை குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் போயின! என் தாத்தாவும் போனவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சயனைடு மேடுகள் மூன்று கோடி டன்னுக்கு மேல் அங்கேயே நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்த வெண்புழுதி வீடுகளுக்குள் வந்து சோற்றுத் தட்டில் படிவதை, விடுமுறைக்குப் போன சிறுவனாக நான் கண்டிருக்கிறேன். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். இரண்டு இடத்திலும் சம்பாதித்த காலத்தில் யாரும் எடுத்துவைக்கவில்லை. மூடிய பிறகு எடுத்துவைக்க யாரும் இல்லை.

கடைசியாக நான் வேலை பார்த்த சுரங்கத்தில் புதிய நிலையம் கட்டும்போது, அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்தோம். உயரமாகக் குவித்தால் அடிமண்ணின் உயிர் போய்விடும் என்பதால் தாழ்வான மேடாகப் பரப்பி, சணப்பு விதைத்தோம். நிலையத்தை அகற்றும் நாளில் அந்த மண் திரும்பிப் போக வேண்டிய இடத்தை வரைபடத்தில் குறித்துவைத்தோம். நம் காட்பாடிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் இப்போது அங்கே பொறியாளராக இருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, லாரி நிறுத்த அந்த மேட்டைச் சமன்செய்து கொடுங்கள் என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். வரைபடத்தை விரித்துக் காட்டி, முடியாது என்று சொல்லிவிட்டேன்" என்றார். சணப்பு இந்த ஆண்டும் பூத்திருக்கிறதாம்.

வணக்கம்.