மீசையில் ஒட்டிய மண்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, மழைக்கு ஒழுகும் இந்தக் கட்டடத்தில் ஒரு புத்தகம்கூட நனையாமல் காப்பாற்றி வரும் நூலகர் அம்மா அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே (ஐயா, உங்களைக் கடைசியில் மறுபடியும் கூப்பிடுவேன், நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்), எனக்கு முன்னால் பேசி நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட தமிழாசிரியர் அவர்களே, ஒலிபெருக்கித் தம்பி, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். எனக்குச் சால்வை போர்த்திய முன்னாள் கவுன்சிலர் அண்ணனுக்கு நன்றி. போன வருஷமும் இதே சால்வைதான் என்று நினைக்கிறேன். ஓரத்தில் இருக்கும் மைக்கறை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி. கெங்கி தெசு கா?

யாரும் பதில் சொல்லவில்லை. 'நல்லா இருக்கீங்களா, தெம்பா இருக்கீங்களா' என்று அர்த்தம். ஜப்பானில் ஒருவர் இருந்தார், மேடையேறி இதைக் கேட்டால் அரங்கமே அதிரும். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தில் சிவப்புத் துண்டு, முகத்தில் பாதி தாடை. அவர் பெயர் அன்டோனியோ இனோக்கி. குஸ்திக்காரர், வியாபாரி, அரசியல்வாதி என்று மூன்று இனோக்கிகளைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிற பழமொழி. பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது, பரவாயில்லை. 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.' இது குஸ்திக் கோதாவில் பிறந்த பழமொழி. தோற்றவனைக் கேலி பண்ணுகிறோம். ஆனால் ஒன்று கவனியுங்கள், அவன் கோதாவில் இறங்கியிருக்கிறான், விழுந்தும் இருக்கிறான். கேலி பண்ணுகிற நாம் வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இனோக்கி 1943-இல் யோகோஹாமாவில் பிறந்தவர். ஐந்து வயதில் அப்பா இறந்துபோனார். போருக்குப் பிந்தைய வறுமை. 1957-இல் குடும்பத்தோடு பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள். தாத்தா வழியிலேயே, கப்பலிலேயே இறந்துபோனார். கரையேறிய பதினாலு வயதுப் பையனுக்குக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. அந்த வேலைக்கு நடுவிலும் அவன் குண்டு எறிந்தான், வட்டு எறிந்தான், போட்டிகளில் ஜெயித்தான். கல்வி அலுவலர் ஐயா இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தோட்டக் கூலிப் பையனுக்குக்கூட ஒரு மைதானம் கிடைத்திருக்கிறது.

1960-இல் பிரேசிலுக்கு வந்த ரிக்கிடோசான் கண்ணில் அந்தப் பையன் பட்டான். ரிக்கிடோசான் யார்? கொரியாவில் பிறந்து, ஜப்பானில் சுமோ ஆடி, பிறகு குஸ்திக்கு வந்து, போரில் தோற்ற ஒரு நாட்டையே தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார வைத்தவர். நம் பெரியவர்களுக்குக் கிங்காங், தாராசிங் என்ற குஸ்திக்காரர்களின் பெயர்கள் தெரியும். அந்தக் கிங்காங்கை 1955-இல் டோக்கியோவில் வென்று ஆசியப் பட்டம் வாங்கியவர் இவர். குரு பொல்லாதவர், சீடனுக்கு அடி தாராளம். 1960 செப்டம்பர் 30-ஆம் தேதி இனோக்கியும் குருவின் இன்னொரு சீடரான ஜயன்ட் பாபாவும் ஒரே நாளில், வேறு வேறு ஆட்களோடு மோத, முதல் முறையாக மேடையேறினார்கள். பாபா ஜெயித்தார், இனோக்கி தோற்றார். முதல் நாளே மண்! மூன்று வருஷத்தில் குருவை ஓர் இரவு விடுதியில் யாரோ கத்தியால் குத்த, ஒரு வாரத்தில் அவரும் போய்விட்டார். வயது 39.

'இதெல்லாம் பேசிவைத்து ஆடுகிற நாடகம்தானே?' என்று ஒரு தம்பி கேட்கிறார். ஆமாம், முடிவு பெரும்பாலும் முன்பே பேசிவைத்ததுதான். துரியோதனன் சாகப்போவது தெரியாமலா கூத்து முடியும்வரை விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? ஆனால் தம்பி, விழுகிறது நிஜம், இடுப்பு போகிறது நிஜம்.

அப்புறம் 1972-இல் நியூ ஜப்பான் என்று இனோக்கியின் சொந்தக் குஸ்திக் கம்பெனி. இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். 1976 ஜூன் 26, டோக்கியோ புடோக்கான் அரங்கம். ஒரு பக்கம் முகமது அலி, உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன். கிழக்கே என்னோடு மோத ஆள் இல்லையா என்று அலி ஒரு ஜப்பானிய விளையாட்டுப் பெரியவரிடம் வாய் விட்டதுதான் வினை. இனோக்கி பிடித்துக்கொண்டார். அலிக்குப் பேசிய தொகை 60 லட்சம் டாலர்! அலி சும்மா இருப்பாரா? இனோக்கியின் தாடையைப் பார்த்து 'பெலிக்கன்' என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கூழைக்கடாதான், நீளமான அலகோடு ஏரியில் நிற்குமே, அது.

இது பேசிவைத்த சண்டை இல்லை. அதனால்தான் சிக்கலே. கடைசி நேரத்தில் விதிகளை மாற்றி, தூக்கிப்போடக் கூடாது, நின்றபடி உதைக்கக் கூடாது என்று கையைக் கட்டிவிட்டார்கள் என்று இனோக்கி தரப்பு சொன்னது. மணி அடித்தது. இனோக்கி ஓடி வந்தார், சறுக்கிப் படுத்தார். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை! மல்லாந்து கிடந்தபடி அலியின் இடது காலில் உதை. அலி எட்டிப் போனால் இவர் முதுகாலேயே ஊர்ந்து போகிறார். அலி குனிந்தால் உதை, நிமிர்ந்தால் உதை. அலிக்குக் கோபம். 'எழுந்து நில்லடா' என்கிற மாதிரி சைகை. எழுந்து நின்றால் அந்தக் கைக்கு யார் பதில் சொல்வது? நடுவில் இனோக்கியின் பூட்ஸ் கயிற்றுக் கண்ணி காலைக் கிழிக்கிறது என்று அலியின் பயிற்சியாளர் சண்டை பிடித்து, பூட்ஸில் டேப் ஒட்ட வைத்தார். இப்படியே 15 சுற்று. முக்கால் மணி நேரம். அலி விட்ட குத்து ஆறே ஆறு என்பார்கள். முடிவு சமன். சீட்டு வாங்கிய ஜனம் காசைத் திருப்பிக் கொடு என்று கத்தியது, கையில் கிடைத்ததை எறிந்தது. நியூயார்க்கில் ஒரு பெரிய மைதானத்தில் திரை கட்டிப் பார்த்தவர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் அலியின் கால்? வீங்கி, ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றுதான் சொன்னார்கள். இனோக்கி விஷயத்தில் அது நிஜம். அவர் விழுந்தது மல்லாக்க, அவருக்கு மீசையும் கிடையாது! பின்னால் இருவரும் நண்பர்களானார்கள். இனோக்கி ஓய்வு பெற்ற 1998 ஏப்ரலில், டோக்கியோ டோமுக்கு அலி நேரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

இதைவிட எனக்குப் பிடித்தது லாகூர்ச் சண்டை. அதே 1976 டிசம்பரில் கராச்சியில் பாகிஸ்தானின் அக்ரம் பயில்வானின் கையை இனோக்கி முறித்துவிட்டார். குடும்ப மானம் போயிற்று என்று இரண்டரை வருஷம் கழித்து அக்ரமின் குடும்பத்து இளைஞர் ஜாரா பயில்வான் லாகூரில் எதிரே நின்றார். சமன் என்றுதான் முடிவு. இனோக்கி என்ன செய்தார்? ஜாராவின் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினார். மண் ஒட்டியிருக்கிறது, பாருங்கள் என்று தானே காட்டிய ஆளை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வியாபாரி இனோக்கி. பிரேசிலில் மலைமலையாகக் குவிந்த கரும்புச் சக்கையை மாட்டுத் தீவனமாக்குகிறேன் என்று இறங்கினார். யோசனை நல்ல யோசனைதான். கடன்தான் மலையாயிற்று. 1983-இல் சொந்தக் கம்பெனியிலேயே கலகம், தலைவர் நாற்காலியிலிருந்து கொஞ்ச காலம் இறக்கப்பட்டார். கரும்பு போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இதை விரிவாகப் பேச ஆசை...

தலைவர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார். 'ஐந்து நிமிடம்' என்று இருக்கிறது. அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார்.

அரசியல்வாதி இனோக்கியை ஓடிக்கொண்டே சொல்கிறேன். 1989-இல் விளையாட்டு அமைதிக் கட்சி என்று தொடங்கி ஜப்பான் நாடாளுமன்றத்தின் மேலவைக்குப் போனார். 1990-இல் சதாம் உசேன் வெளிநாட்டவரைப் பிடித்துவைத்திருந்தபோது, டிசம்பரில் பாக்தாதில் விளையாட்டு விழா நடத்தினார், அங்கிருந்த ஜப்பானியர்கள் வீடு திரும்பினார்கள். 1995-இல் வடகொரியாவின் பியாங்யாங் மே தின மைதானத்தில் இரண்டு நாள் குஸ்தி. 2013-இல் அனுமதியில்லாமல் மறுபடி வடகொரியா போய் அவையிலிருந்து 30 நாள் தடை. 2022 அக்டோபர் 1-இல் 79 வயதில் காலமானார். வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா, இப்போது உங்களிடம் வருகிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பி.டி. மணி அடித்ததும் ஓடுவோம். வாசலில் சாக்பீஸ் டப்பாவோடு கணக்கு வாத்தியார் நிற்பார். 'போர்ஷன் முடியலை, உட்காருங்கடா.' அந்த ஒரு வருஷத்தில் நான் மைதானத்தை ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்த்தேன். என் பேத்திக்கும் இப்போது அதே வெள்ளிக்கிழமை, அதே கடைசிப் பீரியட். பாடம் மட்டும் கணக்குக்குப் பதில் அறிவியல். அவள் வெள்ளைச் சாக்ஸ் வெள்ளையாகவே வீட்டுக்கு வருகிறது. துவைக்கிற அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு வயிறு எரிகிறது. விழுந்தால்தானே ஐயா மண் ஒட்டும்?

நாங்கள் கேட்பது புது ஸ்டேடியம் இல்லை. கால அட்டவணையில் பி.டி. என்று எழுதியிருந்தால் அந்த நேரத்தில் பிள்ளை மைதானத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துத் தாள் நூலகர் அம்மா மேசையில் இருக்கிறது. பேனாவை நூலால் கட்டிவைத்திருக்கிறோம், போன முறை இரண்டு பேனா போய்விட்டது. கையெழுத்து போட்டுவிட்டு டீக்குப் போங்கள்.

இனோக்கி எந்தக் கூட்டத்தையும் ஒரு முழக்கத்தோடுதான் முடிப்பார். இச்சி, நி, சான் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று சொன்னதும் எல்லாரும் வலது கையை உயர்த்தி 'தா' என்று கத்த வேண்டும். தலைவரும் எழுந்து நிற்கலாம். இச்சி! நி! சான்!

(கூட்டம் கத்தியது. கல்வி அலுவலரும் கையைத் தூக்கினார். முழக்கத்துக்குத் தூக்கினாரா, கோரிக்கைக்குத் தூக்கினாரா என்பது அடுத்த கால அட்டவணையில் தெரியும்.)