டிஃபரன்ஷியல் செட்டிங்: பேக்லாஷ் சரி, பினியன் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

[திரையில்: பெஞ்சின் மேல் கழற்றிய கேரியர். கிரௌன் வீல் மெதுவாகச் சுற்றுகிறது.]

வணக்கம். லாரியின் பின் ஆக்சிலில் புதுக் கிரௌன் (பெரிய பல் சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சின்னப் பல் சக்கரம்) போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து 'ஊ' என்று ஒரே ஊளை. பொருள் டூப்ளிகேட் என்று டிரைவர் சொல்வார், பூட்டினவர் சரியில்லை என்று கடைக்காரர் சொல்வார். மெக்கானிக்கோ, 'பேக்லாஷ் கரெக்டா வெச்சுத்தான் கொடுத்தேன்' என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பேக்லாஷ், அதாவது இரண்டின் பல்லுக்கும் நடுவில் விடும் சின்ன ஆட்டம், துல்லியமாகச் சரியாக இருந்தும் பினியன் தப்பான ஆழத்தில் உட்கார்ந்திருக்க முடியும். அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

பெஞ்சில் இருப்பது மெரிட்டர் வகை சிங்கிள் ரிடக்ஷன் கேரியர், அதாவது கிரௌனையும் பினியனையும் தாங்கும் கட்டு. நம் ஊரில் ஓடும் லேலண்ட் லாரிகள் பலவற்றில் இந்தக் குடும்பத்து ஆக்சில்தான். மைசூருவில் 1981இல் தொடங்கிய ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் இவற்றைத் தயாரிக்கிறது. நான் சொல்லும் அளவுகள் இந்த வகைக்கானவை. உங்கள் வண்டியில் வேறு ஆக்சில் இருந்தால் முறை பெரும்பாலும் இதேதான், ஆனால் எண்களை அந்த ஆக்சிலின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக்கொள்வோம். இழுக்கும்போது மட்டும் ஊளை, அல்லது ஆக்சிலேட்டரை விட்டால் மட்டும் ஊளை என்றால் கிரௌன், பினியன் பற்கள் கடிக்கும் விதத்தில் கோளாறு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி 'கர்ர்' என்றால் பேரிங் பக்கம் பாருங்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன், சைடு கியர், அவற்றின் வாஷர்கள். கியர் மாற்றும்போது 'டக்' என்று ஒரு அடி விழுந்தால் டிஃபரன்ஷியலைக் கழற்றும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸைப் பார்த்துவிடுங்கள். அது மலிவான வேலை.

[திரையில்: ஆயில் வடிகிறது. டிரெயின் பிளக் காந்தத்தின் நெருக்கமான காட்சி.]

ஆயிலை வடித்ததும் டிரெயின் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துவிடாதீர்கள், முதலில் பாருங்கள். விரலில் தேய்த்தால் கறுப்பு மை மாதிரி வருவது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. ஓரம் கூர்மையான துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது, அதன் மிச்சத்தையும் ஹவுசிங்குக்குள் தேடி எடுத்தாக வேண்டும்.

கழற்றுவதை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஒன்றிரண்டு விஷயம் மட்டும். ஆக்சில் ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் கூம்பு டவல் (ஸ்டட்டைச் சுற்றி இருக்கும் கூம்பு வளையம்) இருந்தால், ஃபிளாஞ்சின் நடுவில் பித்தளைத் தண்டை வைத்து ஒரு போடு போட்டால் டவல்கள் தாமாகத் தளரும். ஸ்டட் பக்கத்தில் உளி வைத்து நெம்பாதீர்கள். கேரியரைக் கையால் தாங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், ஜாக் அல்லது செயின் பிளாக் கட்டாயம்.

அடுத்து, கிரௌனின் இரு பக்கப் பேரிங்குகளையும் பிடித்திருக்கும் பேரிங் கேப்புகள். இரண்டையும் கழற்றும் முன் சென்டர் பஞ்சால் கேப்பிலும் கேரியர் காலிலும் அடையாளம் போடுங்கள், வலதுக்கு ஒரு புள்ளி, இடதுக்கு இரண்டு. இந்தக் கேப்புகளைக் கேரியரோடு சேர்த்து மாட்டி வைத்துத்தான் துளை கடைந்திருக்கிறார்கள். வலதை இடதில் மாட்டினால் வட்டம் வட்டமாக இருக்காது, புதுப் பேரிங் அங்கேயே வீணாகும்.

புதுக் கிரௌனும் பினியனும் ஜோடியாகத்தான் வரும். தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்து ஓட்டித் தேய்த்து, ஒரே ஜோடி எண் பொறித்து அனுப்புகிறார்கள். அந்த எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பல் எண்ணிக்கையும் பாருங்கள். 6 பல் பினியன், 41 பல் கிரௌன் என்றால் 6.83 ரேஷியோ. 7-க்கு 41 என்றால் 5.86. பழையது என்னவோ அதே வர வேண்டும். கிரௌன் மட்டும் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றிக்கொடுங்கள் என்று ஓனர் கேட்டால் மறுத்துவிடுங்கள். மிச்சமாகும் பணம் அடுத்த செட்டுக்குச் சரியாகப் போய்விடும்.

கிரௌனை டிஃபரன்ஷியல் கேஸில் (கிரௌன் பூட்டப்படும் உறையில்) ஏற்றும்போது சுத்தியலும் வேண்டாம், கேஸ் வெல்டிங் தீயும் வேண்டாம். 71 முதல் 82 டிகிரி சூடுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். விரிந்துகொடுக்கும், கையுறை போட்டு எடுத்து வைத்தால் உட்கார்ந்துவிடும். தீ காட்டினால் பல்லின் கடினம் போய்விடும்.

[திரையில்: பினியன் கூடு பிரஸ்ஸில். நூல் சுற்றிய கொக்கித் தராசு.]

இப்போது பினியன் பேரிங் ப்ரீலோடு, அதாவது பேரிங்கில் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் இறுக்கம். கூட்டுக்குள் இரண்டு டேப்பர் பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர். ஸ்பேசர் மெலிந்தால் இறுக்கம் கூடும், தடித்தால் குறையும். இதைக் கை உணர்வில் வைப்பவர்கள் உண்டு. நான் தராசைத்தான் நம்புவேன். பழைய பேப்பர் கடையில் இருக்குமே, அந்தக் கொக்கித் தராசே போதும். கூட்டின் மேல் நூலைச் சுற்றி, தராசை மாட்டி இழுக்க வேண்டும். கிளம்பும்போது காட்டும் எண் கணக்கில்லை, சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசு 2.5 கிலோ காட்டுகிறது, நூல் சுற்றிய இடத்தில் கூட்டின் விட்டத்தில் பாதி 8 சென்டிமீட்டர் என்றால், பெருக்கினால் 20 கிலோ சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். புதுப் பேரிங்குக்கு 0.56 முதல் 5.08 வரை அனுமதி, பழைய பேரிங்கையே போட்டால் 1.13 முதல் 3.39 வரை. பேரிங்கில் ஆயில் தடவிவிட்டு, முழு அழுத்தம் கொடுத்த நிலையில் அளக்க வேண்டும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பினியன் ஆழம்.

[திரையில்: பினியன் முனையில் பொறித்த எண், மிக நெருக்கத்தில்.]

பினியன் கூட்டுக்கும் கேரியருக்கும் நடுவில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) அடுக்கு இருக்கிறது. ஷிம் கூடினால் கூடு வெளியே தள்ளப்படும், பினியன் கிரௌனின் மையத்தை விட்டு விலகும். ஷிம் குறைந்தால் உள்ளே போகும். சிறிய வண்டிகள் பலவற்றில் ஷிம் பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும், அங்கே கணக்கு தலைகீழ், ஷிம் கூடினால் பினியன் உள்ளே போகும். பிக்கப் வேலை பார்த்துப் பழகியவர் லாரிக்கு வந்தால் தடுமாறுவது இங்கேதான்.

ஒவ்வொரு பினியனும் கடைசலில் கொஞ்சம் முன்பின் இருக்கும். எவ்வளவு என்பதைப் பினியன் முனையிலோ கிரௌனின் வெளி விளிம்பிலோ கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு பொறித்திருப்பார்கள். அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

கணக்கு இப்படி. கழற்றிய பழைய ஷிம் அடுக்கை மைக்ரோமீட்டரில் அளக்கிறோம், 0.75 மில்லிமீட்டர். பழைய பினியனில் கூட்டல் 0.05 என்று இருக்கிறது. பழைய பினியனில் கூட்டல் என்றால் அதைக் கழித்துவிட வேண்டும், 0.70. இது இந்தக் கேரியரின் அடிப்படை அளவு. புதுப் பினியனில் கழித்தல் 0.08 இருக்கிறது. புதியதில் குறி சொல்கிறபடியே செய்கிறோம், 0.70-இல் இருந்து அதைக் கழித்தால் 0.62. இதுதான் நாம் போட வேண்டிய ஷிம். பழைய ஷிம்மையே அப்படியே போட்டிருந்தால் பினியன் 0.13 மில்லிமீட்டர் வெளியே நின்றிருக்கும். வீடியோவின் தொடக்கத்தில் கேட்ட ஊளைக்கு இந்த வித்தியாசமே போதும்.

எண்ணுக்குப் பின்னால் மில்லிமீட்டர் என்று குறிப்பு இல்லாமல் வெறுமனே கூட்டல் 3 என்று இருந்தால், அது இஞ்ச்சில் ஆயிரத்தில் 3 பங்கு, அதாவது 0.076 மில்லிமீட்டர். குழப்பிக்கொள்ளாதீர்கள். எண்ணே தெரியவில்லை என்றால் பழைய ஷிம் கனத்தில் ஆரம்பியுங்கள், மிச்சத்தைப் பின்னால் பல்லில் தடவிப் பார்க்கும் பெயின்ட் சொல்லும். அடுக்கில் குறைந்தது மூன்று ஷிம் இருக்கட்டும், மெல்லியவை இரண்டு வெளிப்பக்கமும் வரட்டும். அப்போதுதான் ஆயில் கசியாது.

[திரையில்: டிஃபரன்ஷியல் கேஸ் கேரியரில் இறங்குகிறது. டயல் கேஜ் கிரௌனின் முதுகில்.]

கேஸை இறக்கி, கேப்புகளை அடையாளப்படி மாட்டி, இருபுறமும் அட்ஜஸ்டிங் ரிங்கைக் கையால் திருகுங்கள். மரை ஏறவில்லை என்றால் ஸ்பானர் போட்டு இழுக்காதீர்கள், கேப்பைத் தூக்கி மறுபடி உட்கார வையுங்கள். டயல் கேஜைக் கிரௌனின் முதுகில் வைத்து, பக்கவாட்டு ஆட்டம் சுழியம் ஆகும் வரை ரிங்கை இறுக்குங்கள். அங்கிருந்து ஒவ்வொரு ரிங்கையும் ஒரு வெட்டு (ரிங்கில் இருக்கும் ஒரு பள்ளத்தின் அளவு) இறுக்கினால் ப்ரீலோடு வந்துவிடும். சுற்றிப் பார்க்கும்போது 1.7 முதல் 3.9 நியூட்டன் மீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படியே கிரௌனை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நெளிவையும் பாருங்கள். 0.20 மில்லிமீட்டரைத் தாண்டினால் கிரௌனுக்கும் கேஸுக்கும் நடுவில் பிசிறோ அழுக்கோ இருக்கும், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் பேக்லாஷ். டயல் கேஜின் முள் பல்லின் முகத்துக்கு நேராக, செங்குத்தாக நிற்கட்டும். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரௌனை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 432 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள கிரௌனுக்கு 0.20 முதல் 0.46 வரை அனுமதி, புது செட்டுக்கு 0.30-இல் ஆரம்பிக்கலாம். கூடவோ குறையவோ இருந்தால் ஒரு ரிங்கை ஒரு வெட்டுத் தளர்த்தி, எதிர்ப் பக்கத்து ரிங்கை அதே ஒரு வெட்டு இறுக்குங்கள். அப்போதுதான் ப்ரீலோடு மாறாமல் கிரௌன் மட்டும் நகரும். ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போகாமல் நாலைந்து இடத்தில் அளங்கள்.

பெரும்பாலான பட்டறைகளில் வேலை இங்கே முடிந்துவிடுகிறது. பெயின்ட் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம்தான் ஆகும், அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

[திரையில்: பிரஷ்ஷால் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவுதல்.]

கிரௌனில் பன்னிரண்டு பல்லுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். குழைத்து அப்பினால் எதுவும் தெரியாது. கிரௌனுக்கு எதிராக ஒரு கட்டையை வைத்து அழுத்திக்கொண்டே, அந்தப் பன்னிரண்டு பல்லும் பினியனை ஆறு முறை கடந்து போகிறபடி முன்னும் பின்னும் சுற்றுங்கள். இப்போது பல்லின் குவிந்த முகத்தைப் பாருங்கள். முன்னோக்கி இழுக்கும்போது வேலை செய்வது அந்த முகம்தான்.

நல்ல தடம், அதாவது பினியன் பல் பட்டுப் பெயின்ட்டில் பதிந்த அடையாளம், பல்லின் உயரத்தில் நடுவில் இருக்கும், மேல் விளிம்பையும் தொடாது, அடிப்பள்ளத்தையும் தொடாது. நீளத்தில், பல்லின் பாதி நீளத்துக்கு, கிரௌனின் மையத்தைப் பார்த்த உள்முனைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். ஏன் சரியாக நடுவில் இல்லை? நாம் கையால் சுற்றுகிறோம். லோடு ஏறும்போது தடம் வெளிமுனையை நோக்கி நீளும், அதற்கு இடம் விட்டு வைக்கிறோம்.

தடம் பல்லின் உச்சியில் ஏறியிருந்தால் பினியன் வெளியே நிற்கிறது, ஷிம் குறையுங்கள். அடியில் இறங்கியிருந்தால் பினியன் உள்ளே போய்விட்டது, ஷிம் கூட்டுங்கள். இந்த மேல்-கீழ்ப் பிழையை ரிங்கைத் திருகிச் சரிசெய்யப் பார்ப்பதுதான் வீண் வேலை. ரிங் தடத்தை முக்கியமாக நீளவாக்கில்தான் நகர்த்தும். பேக்லாஷைக் குறைத்தால் உள்முனைக்கு, கூட்டினால் வெளிமுனைக்கு. ஆகவே முதலில் உயரம், பிறகு நீளம். ஷிம் மாற்றியதும் பேக்லாஷும் மாறியிருக்கும், அதை மறுபடி 0.30-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த பெயின்ட். மூன்று தடவை கழற்றி மாட்ட வேண்டி வந்தாலும் சலித்துக்கொள்ளாதீர்கள், வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்றுவதை விட இது எவ்வளவோ மேல். பழைய செட்டையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் மட்டும் இந்தத் தடத்தைத் தேடாதீர்கள். ஏற்கெனவே தேய்ந்த தடத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

தடம் அமைந்ததும் கேப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சில் இறுக்கி, ரிங்குகளுக்குப் பூட்டுப் போடுங்கள். கிரௌனின் முதுகுப் பக்கம் திரஸ்ட் ஸ்குரூ (லோடில் கிரௌன் விலகாமல் தாங்கும் திருகு) இருந்தால் கிரௌனைத் தொடும் வரை திருகி, அரைச் சுற்றுப் பின்வாங்கி, லாக் நட்டை இறுக்குங்கள்.

ஆயில் ஜி.எல்.5 தரம், புத்தகம் சொல்லும் தடிமன். ஹைப்பாய்டு (பினியனின் அச்சு கிரௌனின் மையத்தை விட்டு விலகி இருக்கும் வகை) பல் உருள்வதோடு வழுக்கவும் செய்கிறது, சாதாரண ஆயில் அந்த அழுத்தத்தில் நிற்காது. ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரை (காற்றுப் போக்கியை) ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நேற்றுப் போட்ட புது ஆயில் சீல் வழியாகக் கசியும். அப்புறம் சீல் மட்டமான பொருள் என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டம் லோடு இல்லாமல், இருபது முப்பது கிலோமீட்டர். நிறுத்தி ஆற விடுங்கள், ஆயில் மட்டத்தை மறுபடி பாருங்கள், டிரெயின் பிளக்கையும் சீலையும் ஒரு துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள். அடுத்த ஓரிரு டிரிப் பாதி லோடு போதும்.