ஓவியம் வளர்வது தெருவில், தோழர்களோடு

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"ஓவியக் கலை வளர்வது தனியறையிலா, சைக்கிளில் கூடித் திரியும் நண்பர்களோடு தெருவிலா?" என்பது தலைப்பு. தெருவில்தான் என்று பேச வந்திருக்கிறேன். இது மேடைக்காக நான் எடுத்துக்கொண்ட கட்சி இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்கு முன்பே சைக்கிளை வெளியே உருட்டி, கேரியரில் வரைபலகையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவன் நான். இந்தக் கட்சியில்தான் பல வருடங்களாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயங்களை வைத்தார். கலை தனிமையின் பிள்ளை, டச்சு ஓவியர் வான்காவைப் பாருங்கள் என்றார். கூட்டமாகச் சைக்கிளில் போகிறவர்கள் பேசுகிறார்கள், பஞ்சர் ஒட்டுகிறார்கள், கடைசியில் அரை மணி நேரம்கூட வரைவதில்லை என்றார். ஒன்றாக உட்கார்ந்து வரைந்தால் எல்லார் படமும் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடும் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மழை. பாதி வழியில் பிடித்துக்கொண்டது. ஒரு கூரையின் கீழ் ஏழெட்டுப் பேர் ஒதுங்கினோம். சைக்கிள்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. எங்களில் மூத்தவர் ஒருவர் உண்டு, எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னார்: "யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவரவர் வண்டியை நினைவிலிருந்து வரையுங்கள். ஐந்து நிமிடம்."

ஐந்து நிமிடம் கழித்து நோட்டுகளைத் தரையில் வைத்தோம். ஒருத்தி செயினை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சேர்த்துச் சுற்றியிருந்தாள். ஒருவன் பெடலைப் பின்சக்கரத்தின் நடுவிலேயே மாட்டியிருந்தான். நான் இரண்டு சக்கரங்களின் மையத்தையும் ஒரே நேர்க்கம்பியால் இணைத்திருந்தேன். கோடு சுத்தமாக வந்திருந்தது, நிழல்கூடப் போட்டிருந்தேன். அண்ணன் குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இந்த வண்டி திரும்பாதே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். முன்சக்கரம் ஃபோர்க் என்கிற கவைக்கம்பியில் மாட்டியிருக்கிறது. ஃபோர்க் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிறது. அந்தச் சக்கரத்தின் மையத்தைப் பின்சக்கரத்தோடு கம்பி போட்டுக் கட்டிவிட்டால் ஹேண்டில்பார் எந்தப் பக்கம் அசையும்? தினமும் நான் ஓட்டுகிற வண்டி அது. என் கைக்கும் காலுக்கும் அது தெரியும். கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இது எங்கள் ஏழெட்டுப் பேரின் குறை மட்டும் இல்லை. 2006இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா லாசன் என்ற உளவியல் ஆய்வாளர், சைக்கிளைப் பற்றி மக்களுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்று சோதித்து எழுதினார். செயின் எதைச் சுற்றி ஓடுகிறது, பெடல் எங்கே இருக்கிறது, ஃபிரேம் எதை எதோடு இணைக்கிறது என்பதிலெல்லாம் பலர் தவறினார்கள். சைக்கிளை ஓட்டுகிறவர்களிலும் தவறியவர்கள் இருந்தார்கள்.

நடுவர் அவர்களே, இதே படத்தை நான் என் அறையில் தனியாக உட்கார்ந்து வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நன்றாக வந்திருக்கிறது என்று சுவரில் மாட்டியிருப்பேன். தப்பு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, முதுகுக்குப் பின்னால் உண்மையான வண்டியும் இல்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். உண்மைதான். ஆனால் தப்பான கோட்டை நூறு முறை போட்டாலும் கை பழகத்தானே செய்யும்? எது சரியான கோடு என்று காட்ட இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அந்தக் கண் நம்மேல் அன்புள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சொல்வது காதில் ஏறாது.

சரி, வான்காவுக்கு வருகிறேன். அவர் பெரும்பாலும் தனியாக இருந்து வரைந்தார் என்பது உண்மை. ஆனால் தனிமையை அவர் விரும்பிக் கேட்டாரா? 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரத்தில் மஞ்சள் நிற வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். எதற்கு? ஓவியர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக வேலை செய்ய ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. நண்பரான ஓவியர் கோகன் வரப்போகிறார் என்று தெரிந்ததும், அவருடைய அறையில் மாட்டுவதற்காகச் சூரியகாந்திப் பூக்களை வரைந்தார். உலகமே கொண்டாடுகிற அந்தச் சூரியகாந்திகள், வீட்டுக்கு வரும் நண்பனுக்காகப் போட்ட அலங்காரம்! கோகனோடு இருந்தது சுமார் ஒன்பது வாரம்தான், அது வருத்தமாக முடிந்தது, மறைக்கவில்லை. ஆனால் தம்பி தியோவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் 600க்கும் மேல் இன்றைக்கும் இருக்கின்றன. பல கடிதங்களுக்குள் அன்றைக்கு வரைந்த படத்தின் சின்ன நகல் ஒன்றையும் கீறி அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாததால், படத்தைத் தபாலில் போட்டுக் காட்டியவர் அவர். எதிரணி நண்பரே, உங்கள் சாட்சியை நான் கூப்பிட்டுக்கொள்கிறேன். அவர் எங்கள் பக்கம்.

ஓவியம் அறையை விட்டு வெளியே வந்த கதையையும் கேளுங்கள். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், வண்ணத்தை அடைத்து வைக்கும் மடங்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். குத்தித் திறந்தால் சரியாக மூட முடியாது. வெளியே எடுத்துப் போவது பெரும்பாடு. குழாய் வந்த பிறகு வண்ணம் பைக்குள் அடங்கியது, ஓவியர்கள் நதிக்கரைக்கும் வயலுக்கும் போனார்கள். அப்புறம் 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவரின் ரோவர் சைக்கிள் வந்தது, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு நாம் ஓட்டுகிற வண்டியின் உடம்பு அதுதான். அந்தக் குழாயையும் இந்தச் சைக்கிளையும் நான் எப்போதும் சேர்த்தே நினைப்பேன். ஒன்று வண்ணத்தை அறைக்கு வெளியே கொண்டுவந்தது, மற்றது மனிதனைக் கொண்டுவந்தது.

சைக்கிளின் வேகம் ஓவியனுக்கென்றே அளந்து வைத்தது போல இருக்கும். நடந்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒரு காலையில் எத்தனை தூரம் போக முடியும்? காரில் போனால் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடிவிடும். சைக்கிளில் நிதானமாக மிதித்தால் மணிக்குப் பதினைந்து. சுவரில் விழுந்திருக்கும் மர நிழலைப் பார்க்கலாம், பார்த்த அந்த இடத்திலேயே காலை ஊன்றி நின்றுவிடலாம். எங்கள் கூட்டத்தில் யார் கண்ணில் என்ன பட்டாலும் இடது கையைத் தூக்குவார்கள். பின்னால் வருகிற அத்தனை பேரும் பிரேக் பிடிப்போம். நான் தனியாகப் போயிருந்தால் கவனிக்காமல் தாண்டியிருக்கக்கூடிய எத்தனையோ நிழல்கள், இப்படி இன்னொருவர் கை தூக்கியதால் என் நோட்டில் இருக்கின்றன.

இரண்டாவது குற்றச்சாட்டு, பஞ்சர் ஒட்டுகிறோம் என்பது. ஆமாம், ஒட்டுகிறோம். அதை அருகில் வந்து பாருங்கள்.

ஒரு நாள் என் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு படத்துக்கு வானத்தை நீர்வண்ணத்தில் பூசி முடித்திருந்தேன். தாள் இன்னும் ஈரம். அண்ணன் ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்தார். துடைத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவினார். நான் ஒட்டுத்துண்டை எடுத்து உடனே வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பளபளப்பு அடங்கட்டும். ஈரத்தில் வைத்தால் ஒட்டாது, வழுக்கும்."

காத்திருந்தோம். சொல்யூஷனின் பளபளப்பு ஓரத்திலிருந்து மெல்ல மங்கி வந்தது. கேரியரில் இருந்த என் தாளைப் பார்த்தேன். அதிலும் வானத்தின் பளபளப்பு அதே மாதிரி ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டிருந்தது. அந்த நாள் வரைக்கும் என் வானங்கள் எல்லாம் கெட்டுப்போனதற்குக் காரணம் எனக்குப் புரிந்ததே இல்லை. கீழ்ப்பூச்சு காய்வதற்குள் மேகத்தை வைத்துவிடுவேன், நிறம் பூப்பூவாகப் பரவி அழுக்காகிவிடும். அன்றைக்குப் பஞ்சர் ஒட்டி முடித்துத் தாளைக் கையில் எடுத்தபோது அது நன்றாகக் காய்ந்திருந்தது. மேகத்தை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றது. வீணாகப் போன நேரம் என்று எதிரணி சொல்கிற அந்த நேரத்தில்தான் நான் நீர்வண்ணம் கற்றுக்கொண்டேன், நடுவர் அவர்களே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்காற்று அடிக்கும்போது சமதரையில்கூட, கொஞ்சம் வேகமெடுத்தால், மிதிக்கிற பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடும். ஒருவருடைய பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் போனால், பின்னால் போகிறவருக்கு உழைப்பு நன்றாகக் குறையும். அதனால் முன்னால் போவதை முறை மாற்றிக்கொள்வோம். எங்கள் தோழி ஒருத்திக்கு நடுவில் சில மாதம் கையே ஓடவில்லை. எதை வரைந்தாலும் கிழித்துப் போட்டாள். தனியறையில் இருந்திருந்தால் அதோடு தூரிகையை மூட்டை கட்டியிருப்பாள். ஆனால் ஞாயிறுதோறும் வந்தாள். நாங்கள் வரையும்போது சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏன் வரையவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தோம், அவள் எங்கள் பின்சக்கரத்தை ஒட்டி வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கடன் கேட்பது போல என்னிடம் பென்சில் கேட்டாள். இப்போது எங்களில் அதிகம் வரைகிறவள் அவள்தான்.

மூன்றாவது, எல்லார் படமும் ஒன்றாகிவிடும் என்பது. இதற்கு நான் பதில் சொல்வதைவிட, 1869இல் பாரிஸ் பக்கத்துச் சென் நதிக்கரையில் அருகருகே நின்ற இரண்டு இளம் பிரெஞ்சு ஓவியர்கள் சொல்வது பொருத்தம். மோனேவும் ரெனுவாரும். இருவரும் நண்பர்கள், இருவர் கையிலும் காசில்லை. லா கிரெனுயேர் என்ற குளியல் துறையில் ஒரே காட்சியை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தார்கள். மோனேவின் படம் நியூயார்க்கில் இருக்கிறது, ரெனுவாரின் படம் ஸ்டாக்ஹோமில். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோனேவுக்குத் தண்ணீர்தான் எல்லாம், பட்டை பட்டையாகத் தூரிகையை இழுத்து அலையின் வெளிச்சத்தைப் பிடிக்கிறார். ரெனுவாரின் கண் மனிதர்கள்மேல் போகிறது, அவர்களுடைய உடை, நிற்கிற விதம் எல்லாம் மென்மையாக வருகின்றன. அதே இடம், பக்கத்தில் பக்கத்தில். ஆனால் மோனே மோனேவாக இருக்கிறார், ரெனுவார் ரெனுவாராக இருக்கிறார். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். பக்கத்தில் இன்னொருவன் அதே காட்சியை வேறு மாதிரி வரைவதைப் பார்க்கும்போதுதான், நம் கண் எங்கே போகிறது என்பது நமக்கே தெரிகிறது. எங்கள் கூட்டம் ஒரே படிக்கட்டை வரைந்த நாளில், கைப்பிடியின் துருவைத் தவிர வேறு எதையும் வரையாதவன் நான் ஒருவன்தான். துருவை வரைவது எனக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தனியறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் நானும் கதவைச் சாத்திக்கொண்டுதான் வண்ணத்தை முடிக்கிறேன். அறையில் முடிக்கலாம். ஆனால் முடிப்பதற்கு நோட்டில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அது வெளியிலிருந்துதான் வருகிறது.

நேரம் ஆகிவிட்டது என்று நடுவர் மணியைத் தொடுகிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

வரைந்து முடித்ததும் எல்லாருடைய நோட்டையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைப்பது எங்கள் வழக்கம். சமீபத்தில் ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். பல வருடமாக வீட்டுக்குள்ளேயே, யாருக்கும் காட்டாமல் வரைந்துகொண்டிருந்தவள். மூன்று வாரம் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாளே தவிர, கீழே வைக்கவில்லை. நான்காவது வாரம் வைத்தாள். தன் சொந்தச் சைக்கிளை வரைந்திருந்தாள், நேரில் பார்த்து. அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, செயின் கீழே இவ்வளவு தொய்ந்திருக்கிறதே, வண்டியிலும் இப்படித்தான் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணா, அப்படித்தான் இருக்கிறது" என்றாள்.

அண்ணன் எழுந்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் வண்டியிடம் போனார். பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி இறுக்கினார். பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். செயின் சத்தமில்லாமல் ஓடியது.

வணக்கம்.