சுளகு என்னும் சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலர் குசினியில் சமையல் வேலை செய்தபடியே இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சற்றுத் திரும்பிச் சுவரைப் பாருங்கள். ஆணியில் அரிசி புடைக்கும் சுளகு ஒன்று தொங்குகிறதா? நெடுங்காலமாக நான் மனத்தில் வைத்துப் போற்றிவரும் சொல் அதுதான். நீங்கள் நிற்கும் இடத்துக்குக் குசினி என்ற பெயர் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. இளைப்பாற அமரும் கதிரையும் அவர்கள் தந்த சொல்லே. சுளகோ சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

புறநானூற்றின் 321ஆம் பாட்டில் ‘சுளகிடை உணங்கல்’ என்றொரு தொடர் வருகிறது. தோல் களைந்த வெள்ளெள்ளை யாரோ சுளகிலே காயவைத்திருக்க, நல்ல சமயம் பார்த்து ஒரு காடைச் சேவல் அதைக் கொத்த வருகிறது. நம் வன்னியின் ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ முற்றத்தில் எள்ளுக் காயப்போட்டுவிட்டுக் கம்போடு காவலிருந்த எவருக்கும் இந்த இடத்துக்கு உரை தேவையில்லை. பாட்டில் உள்ள அதே சொல்லைத்தான் நாம் இன்று காலையும் சொன்னோம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் இதனை முறம் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் சொளகு என்பார்கள். முறமும் பழஞ்சொல்தான். கலித்தொகை யானையின் காதை ‘முறஞ்செவி’ என்கிறது. வயற்காவலில் பரண்மேல் இருந்து யானையைக் கண்டவர்களுக்கு அந்த உவமையின் அளவு தெரியும். நம் அயலிலுள்ள சிங்கள மக்கள் இதே பொருளைக் ‘குல்ல’ என்று அழைக்கிறார்கள்.

பெயரை விட என்னை அதிகம் ஈர்ப்பவை, சுளகைப் பிடித்த கை செய்யும் வேலைகளுக்குரிய வினைச்சொற்கள். என் அம்மம்மா ஒருநாளும் ‘அரிசியைச் சுத்தம் செய்’ என்று சொன்னதில்லை. ‘புடை’ என்பார், ‘கொழி’ என்பார், ‘தெள்ளு’ என்பார். மூன்றும் அவருக்கு வேறுவேறு வேலைகள். உமியும் சப்பியும் போக வேண்டுமானால் புடைக்க வேண்டும். சுளகின் இரு பக்கங்களையும் பிடித்து மேலே எறிந்து ஏந்தும்போது, பாரமானது பின்னுக்கு வந்து தங்க, பாரமற்றது முன்விளிம்பால் பறந்துவிடும். கல்லையும் குறுணலையும் பிரிக்க வேண்டுமானால் கொழிக்க வேண்டும். அப்போது மேலே எறிவதில்லை, சுளகைச் சரித்துப் பிடித்து மெல்ல அசைத்து, பெரியது ஒரு பக்கமும் சிறியது ஒரு பக்கமுமாக ஒதுங்கச் செய்வதுதான். மிகவும் நுண்ணியதைப் பிரிக்கத் தெள்ள வேண்டும். உழுந்து புடைக்கும்போது அம்மம்மா பேசிக்கொண்டே புடைப்பார். தெள்ளும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும், கண் சுளகை விட்டு அகலாது, பெருவிரல் மட்டும் விளிம்பைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்று சொற்களும் சுளகோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். ‘வளம் கொழிக்கும் நாடு’ என்று மேடைகளில் கேட்கிறோம். வெள்ளம் மணலை அலைத்து, உள்ளதை ஒதுக்கிக் கரையில் சேர்ப்பதும் கொழித்தல்தான். ஆறு தன் கையில் ஒரு சுளகு வைத்திருப்பதுபோலத் தமிழர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ‘தெள்ளத் தெளிவாக’ என்கிறோம், ‘தெள்ளு தமிழ்’ என்கிறோம். ‘நையப் புடைத்தான்’ என்று சண்டைக் கதை சொல்லும்போதும் அந்தப் பழைய வினை கூடவே வருகிறது. பயனற்ற பேச்சைப் பாராட்டுபவனை மனிதன் என்னாதே, ‘மக்கட் பதடி’ என்று சொல் என்கிறது 196ஆம் குறள். பதடி என்பது பதர். நம் வழக்கில் சப்பி. சுளகின் முன்விளிம்பால் எது பறந்து போகும் என்று அறிந்த கேட்போருக்கே அந்தக் கடுமை முழுதாக உறைக்கும்.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2009ஆம் ஆண்டு போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாமில் இருந்தோம். கொண்டுவந்த பொருள்கள் ஒவ்வொன்றாக வழியில் விடுபட்டுவிட்டன. சுளகு எங்கே விடுபட்டது என்று எங்களில் எவருக்கும் நினைவில்லை. கிடைத்த அரிசியில் கல் கிடந்தது. அம்மா எங்கிருந்தோ ஒரு மட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து எடுத்தார், மூன்று ஓரங்களையும் மேலே மடித்தார், மூலைகளை நூலால் தைத்தார். பிறகு தங்கையைப் பார்த்து, “பிள்ளை, அந்தச் சுளகை ஒருக்கா எடுத்து வா” என்றார். தங்கை ஒரு கணமும் தயங்காமல் அந்த மட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். அடுத்த நாள் பக்கத்துக் கூடாரத்து அக்கா வந்து, “சுளகை ஒருக்காத் தாங்கோ” என்று கேட்டார். நாங்கள் அங்கிருந்த காலம் முழுவதும் அதை ஒருவரும் மட்டை என்று சொல்லவில்லை. அதில் புடைக்க முடிந்தது. கொழிக்க முடியவில்லை, சரித்தவுடன் நடுவில் வளைந்துவிடும். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கல்லைக் கையால் பொறுக்கினார். மீளக் குடியேறிய பின் அவர் முதலில் வாங்கிய பொருள்களில் ஒன்று பனையோலைச் சுளகு. கடையிலேயே நின்று வெறுஞ்சுளகை இரண்டு தரம் சரித்து அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைத் தூற்றி மூட்டைக்கு அனுப்பிவிடுகிறது. கடை அரிசியில் கல் அரிது. பெண்களின் தோள் வலி குறைந்தது எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் என் மாணவர்களிடம் கொழித்தலுக்கும் புடைத்தலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஆகவே உழுந்து புடைக்கும் நாளிலாவது பிள்ளைகளை அருகில் இருத்தி, செய்வதைச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

நிலையத்தார் நேரத்தைக் காட்டுகிறார்கள். சுளகு இழைப்பது பற்றியும் சிறுமியர் விளையாடும் சிறு சுளகான முற்றிலைப் பற்றியும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். அவற்றை விட்டு ஒன்றை மட்டும் சொல்கிறேன். விசாக நட்சத்திரத்துக்குத் தமிழில் முறம் என்றும் ஒரு பெயர் உண்டு. அதாவது நம் சுளகு. வைகாசிக்குப் பெயர் தந்ததும் அந்த விசாகமே. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அரிசி புடைத்துக் கட்டிக்கொண்டு நந்திக்கடலோரம் கூடும் நாள்களில், நமக்கு மேலே நிலவு நிறைவது அந்தச் சுளகின் பக்கத்தில்தான்.

வணக்கம்.