முதல் வாய்ப்பில் ரிசீவரா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த விஷயத்தில் என்னைப் பேசவிட்டால் பத்து நிமிடத்தில் நிறுத்த மாட்டேன் என்று என் வீட்டில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சரி, பார்ப்போம்.

நான் சொல்வது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. கையால் எறிந்து, கையால் பிடித்து, நடுவில் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுகிறார்களே, அது. அங்கே ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். நீங்கள் ஐபிஎல் ஏலம் பார்த்திருப்பீர்கள். அங்கே கையில் பணம் இருக்கிற அணி துணிந்து கேட்கலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. கல்லூரியில் ஆடிவிட்டு வருகிற பையன்களை 32 அணிகளும் வரிசையில் நின்று எடுக்க வேண்டும். போன வருஷம் மோசமாக ஆடிய அணி முன்னால் நிற்கும், கோப்பை வாங்கிய அணி கடைசியில் நிற்கும். இப்படி ஏழு சுற்று.

வரிசையின் முன்னால் நிற்கிற ஓர் அணி அந்த அருமையான வாய்ப்பை வைட் ரிசீவர் மேல் செலவழிக்கலாமா? இதுதான் கேள்வி. வைட் ரிசீவர் என்பவர் மைதானத்தின் ஓரத்திலிருந்து பறந்து ஓடி, குவார்ட்டர்பேக் எறிகிற பந்தைப் பிடிப்பவர். நாளிதழில் படம் வருவது அவருக்குத்தான், பிள்ளைகள் வாங்கிப் போடும் சட்டையிலும் அவர் பெயர்தான். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். ஆளுக்கு 140 கிலோ இருக்கும். எதிரணிக்காரர்கள் பாய்ந்து வந்து அவரைக் கீழே தள்ளாமல் மறிப்பதுதான் அவர்கள் வேலை. கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடுவதால் இந்த ஐந்து பேரையும் யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். எனக்கு அது ஒரு பைத்தியம்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். எறிகிறவர் நின்று எறிய முடிந்தால்தான் பிடிக்கிறவருக்கு வேலை. இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெட்ராய்ட் லயன்ஸ் கதையை எடுத்துக்கொள்வோம். 2001-ல் மேட் மில்லன் என்பவர் அந்த அணியின் நிர்வாகத்துக்கு வந்தார். ஆடிய காலத்தில் சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தை நாலு தடவை வென்றவர், பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர். ஆட்டம் தெரியாதவர் இல்லை. 2003-ல் இரண்டாவது இடத்தில் நின்று சார்லஸ் ராஜர்ஸ் என்ற ரிசீவரை எடுத்தார். மிச்சிகன் மண்ணின் பையன், ஊரே கொண்டாடியது. முதல் வருஷமே கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே மறுபடியும் முறிந்தது. பாவம், அது யார் கையிலும் இல்லை. ஆனால் 2004-ல் ஏழாவது இடத்தில் மறுபடி ஒரு ரிசீவர், ராய் வில்லியம்ஸ். 2005-ல் பத்தாவது இடத்தில் இன்னொரு ரிசீவர், மைக் வில்லியம்ஸ். மூன்று வருஷம், மூன்று முதல் சுற்று, மூன்றும் ரிசீவர்! மைக் வில்லியம்ஸுக்கு அடுத்த இடத்தில் டல்லாஸ் எடுத்தது டிமார்கஸ் வேர் என்பவரை. குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிப்பதில் சூரர். இன்று அவர் மகத்தான ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். மைக் வில்லியம்ஸ் டெட்ராய்ட்டில் இரண்டே வருஷம்தான் இருந்தார்.

அத்தோடு விட்டாரா மில்லன்? 2007-ல் இரண்டாவது இடத்தில் கால்வின் ஜான்சன். இங்கே அவரைக் குறை சொல்ல வாயில்லை. ஆறடி ஐந்து அங்குலம் உயரம், காற்றாகப் பறக்கும் கால்கள். அவரும் பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆக, கடைசியில் சரியான ஆளையே பிடித்துவிட்டார்கள். பலன்? அடுத்த வருஷம், 2008-ல், ஜான்சன் எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுனை 12 தடவை போட்டார். அணி 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. அதற்கு முன் எந்த அணியும் 16-க்குப் பூஜ்யம் வாங்கியதில்லை.

அந்த வருஷத்து ஆட்டம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அக்டோபர் மாதம், மினசோட்டாவில். லயன்ஸ் தங்கள் பக்கத்து எல்லைக்கோட்டின் அருகில் நிற்கிறார்கள். குவார்ட்டர்பேக் டேன் ஆர்லோவ்ஸ்கி பந்தை வாங்கிப் பின்வாங்குகிறார். எதிரே ஜாரெட் ஆலன் என்ற மலை பாய்ந்து வருகிறது. இவர் ஓடுகிறார், எறிய ஆள் தேடிக்கொண்டே ஓடுகிறார். ஓடி ஓடி மைதானத்தின் பின்கோட்டையே தாண்டிவிட்டார். தாண்டியது அவருக்குத் தெரியவே இல்லை! நடுவர் விசில் ஊதிய பிறகும் பந்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினார். அப்படி வெளியே போனால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. அன்றைக்கு ஆட்டம் முடிந்தபோது கணக்கு 12-10. அந்த இரண்டு புள்ளியில்தான் தோற்றார்கள். ஆர்லோவ்ஸ்கி இன்று தொலைக்காட்சியில் ஆட்ட நிபுணர். அந்த ஓட்டத்தைப் பற்றி அவரே கேலி பேசுவார், நல்ல மனுஷன். அத்தனை பெரிய ரிசீவர் அணியில் இருந்து என்ன செய்ய? எறிகிறவர் நிற்க வேண்டுமே.

கால்வின் ஜான்சன் 2012-ல் பந்தைப் பிடித்து மொத்தம் 1,964 யார்டு தூரம் எடுத்தார். ஒரே பருவத்தில் அவ்வளவு அதுவரை யாரும் எடுத்ததில்லை. அணி ஜெயித்தது 4 ஆட்டம், தோற்றது 12. 2015-ம் ஆண்டுப் பருவத்தோடு அவர் விளையாட்டையே விட்டுவிட்டார். அதுவரை, பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப் ஆட்டம் ஒன்றில்கூட வென்றதில்லை.

இவ்வளவு நேரம் டெட்ராய்ட்டையே சொன்னீரே, சின்சினாட்டி என்ன ஆயிற்று என்று விவரம் தெரிந்த நேயர்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. 2020-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் முதல் இடத்தில் ஜோ பர்ரோ என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. நவம்பரில் எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அவருடைய இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அடுத்த ஏப்ரலில் அணி ஐந்தாவது இடத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் பெனே சூவல், 150 கிலோவுக்குக் கிட்ட எடை, ஆனாலும் இளம் காளைபோல ஓடுகிற லைன்மேன், அதாவது நான் சொன்ன அந்த ஐந்து பேர் வேலைக்கு ஆள். இன்னொரு பக்கம் ஜமார் சேஸ், கல்லூரியில் பர்ரோவோடு சேர்ந்து கோப்பை வென்ற ரிசீவர். முழங்காலில் அடிபட்ட பையனுக்குக் காவலா, கூட்டாளியா? என்னைக் கேட்டிருந்தால் காவல் என்றிருப்பேன். சின்சினாட்டி கூட்டாளியை எடுத்தது.

சேஸ் முதல் வருஷமே 1,455 யார்டு எடுத்தார். கன்சாஸ் சிட்டிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 266. சின்சினாட்டி சூப்பர் பவுல் வரை போனது. அதற்கு முன் 31 வருஷமாக அந்த ஊர் ஒரு ப்ளேஆஃப் வெற்றியைக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே சேஸை எடுத்தது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். சொன்னால் சின்சினாட்டிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஆனால் அந்த சூப்பர் பவுலின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 23-20, சின்சினாட்டி மூன்று புள்ளி பின்னால். கடைசி வாய்ப்பு, ஒரு யார்டு எடுத்தால் ஆட்டம் உயிரோடு இருக்கும். வலது பக்கமோ இடது பக்கமோ பார்க்காமல் சேஸ் நேராக ஓடுகிறார். அவரைக் காவல் காத்த ஜேலன் ராம்சி தடுமாறிவிட்டார். சேஸுக்கு முன்னால் வெறும் புல்தரை. பர்ரோவுக்கு இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால்! ஆரன் டொனால்ட் உள்ளே நுழைந்து அவர் சட்டையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பந்து எங்கோ போய் விழுந்தது. அந்த ஆட்டத்தில் மட்டும் பர்ரோவை ஏழு தடவை கீழே தள்ளியிருந்தார்கள். அதற்கு இரண்டு ஆட்டம் முன்னால் டென்னஸியில் ஒன்பது தடவை.

சூவல் எங்கே போனார்? ஏழாவது இடத்தில் நின்ற டெட்ராய்ட்டுக்கு. அந்த அறையில் புது மேலாளர் பிராட் ஹோம்ஸ் துள்ளிக் குதித்துக் கத்தியதை வீடியோவில் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரும். அதே டிராஃப்டில், நாலாவது சுற்றில், 112-வது ஆளாக ஒரு ரிசீவரையும் எடுத்தார்கள். ஆமன்-ரா செயின்ட் பிரவுன். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்களை மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த 16 பேரின் பெயரையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார், அவ்வளவு வீம்பு! 2023-ல் சூவல், செயின்ட் பிரவுன் இருவருமே நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பிடித்தார்கள். லயன்ஸ் 32 வருஷத்தில் முதல் ப்ளேஆஃப் வெற்றியைப் பார்த்தது. இதற்கு முந்தைய வருஷம் மினசோட்டாவோடு நடந்த ஆட்டத்தில் கடைசி நேரத்தில் ஒரு பந்தைப் பிடித்து வெற்றியை உறுதி செய்தவர் யார் தெரியுமா? லைன்மேன் சூவல்! எனக்கு அன்று இருந்த சந்தோஷம் இருக்கிறதே...

சரி, மணி ஓடுகிறது. நல்ல ரிசீவர் பின்னால் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி அணிகள் இப்போது எறிந்தே ஆடுகின்றன, ஆகவே வருஷா வருஷம் ரிசீவர்கள் நிறையப் பேர் தயாராகி வருகிறார்கள். 150 கிலோ எடையோடு நடனக்காரர்போலக் கால் வைக்கிறவன் எத்தனை பேர் கிடைப்பான்? ரிசீவர்களோ, பூக்கா நக்குவா ஐந்தாவது சுற்றில் கிடைத்தார். கூப்பர் கப் மூன்றாவது சுற்று. சின்சினாட்டியைத் தோற்கடித்த அந்த சூப்பர் பவுலின் ஆட்ட நாயகனே அவர்தான்.

பணக் கணக்கைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: டிராஃப்டில் வந்தவருக்கு முதல் நாலு வருஷம் சம்பளம் குறைவு, அதற்கப்புறம் எகிறிவிடும். சேஸ் 2025-ல் நாலு வருஷத்துக்கு 16 கோடியே 10 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். என் கட்சிக்கு எதிரான வலுவான வாதம் இதில்தான் இருக்கிறது. வெளியே விலை இப்படி ஏறினால் டிராஃப்டில் மலிவாக எடுப்பதே லாபம் என்பார்கள். அதற்குப் பதிலாகக் கன்சாஸ் சிட்டியைக் காட்டுவேன். 2022-ல் தங்கள் ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த இரண்டு சூப்பர் பவுலையும் வென்றார்கள். அதையும் மறுக்கலாம், அவர்களிடம் பேட்ரிக் மஹோம்ஸ் என்ற அருமையான குவார்ட்டர்பேக் இருக்கிறாரே என்று... இல்லை, நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நன்றி, வணக்கம்.