பொன்னாடைக்கு முன்னால் ஒரு கணக்கு

(இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் முதியோர் தினக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, வணக்கம்.

ஒக்டோபர் முதலாம் திகதி நம் நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வரும். பலூனும் இனிப்பும் பிள்ளைகளுக்கு. நேரம் மிஞ்சினால் பெரியவர்களுக்கு ஒரு பொன்னாடை. இன்றைக்குப் பெரியவர்களை முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள், சந்தோசம். ஆனால் நான் பேசப்போவது பின்னால் நிற்கும் இளைஞர்களோடு. பிழையாகச் சொன்னால் பெரியவர்கள் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

தம்பி, தங்கச்சி, முன்னோர் என்றதும் நாம் கோப்பித் தோட்டக் காலத்துக்கு ஓடிவிடுகிறோம். இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள், வழியிலேயே பலர் செத்தார்கள். அது மறக்கக்கூடாததுதான். 200 வருட நினைவாக 2023இல் அதே பாதையில் நம்மவர்கள் நடந்தும் காட்டினார்கள். ஆனால் இந்த நாற்காலிகளில் இருப்பவர்களின் கதை அதுவல்ல. உயிரோடு இருப்பவர்களின் கதையை ஏனோ நாம் கேட்பதேயில்லை.

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதற்குப் பிறகு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்குப் பெயர் இருந்தது, நாடு இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பத்து வருடம் கழித்துத்தான் முடிவு வந்தது: ஆளுக்குப் பாதி! பாகப்பிரிவினையில் மாட்டைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். அண்ணன் கப்பலேறி தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனார், தங்கச்சி இங்கேயே நின்றார். அப்படி நின்ற தங்கச்சிமார் இந்த வரிசையில் இருக்கிறார்கள். பிரஜாவுரிமைச் சிக்கல் தீர 1988, 2003 என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வேண்டியிருந்தது. அத்தனை வருடமும் இவர்கள் விடிய எழுந்து பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போனார்கள், மழையிலும் கொழுந்தெடுத்தார்கள். வாக்குரிமை இல்லாதவர்கள் பறித்த கொழுந்தில்தான் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது.

இன்னொன்று. ஒரே மலையில் வேலை செய்தாலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம் என்ற காலம் இருந்தது. 1984 வேலைநிறுத்தம்தான் அதைச் சமனாக்கியது. இன்று அதைச் சொன்னால் நம் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்று, பொலிஸ் சூட்டில் இறந்த சிவனு லெட்சுமணனைப் பேச்சுப்போட்டியில் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த நாட்களில் தோட்டங்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பக்கத்து லயத்துப் பாட்டியிடம் கேட்டோமா?

சரி, கௌரவம் என்றால் என்ன? அரச உத்தியோகத்தருக்கு மாதாமாதம் பென்சன் வரும். தோட்டத் தொழிலாளிக்கு வருவது ஈ.பி.எப். என்ற சேமலாப நிதிக் காசும் சேவைக்காலப் பணமும்தான், அதுவும் ஒரே தடவை. அதை எடுக்கப் போனால் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்புப் பத்திரத்தைக் காணோம். ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறார்கள். வேலை நின்ற பிறகும் தலைக்கு மேல் இருப்பது தோட்டத்துக் கூரை. 7 பேர்ச் என்ற சிறு காணித் துண்டும் அதற்கான உறுதிப் பத்திரமும் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வேலை செய்த மலையில் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லாத மனிதருக்கு நாம் மாலை போடுகிறோம். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதனால் ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். மண்டபத்தின் வலது பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறது. ஒன்றில் ஆசிரியர்கள் இருப்பார்கள். பெயர்ப் பிழை, பத்திரப் பிரச்சினை உள்ளவர்கள் அடையாள அட்டையோடு அங்கே போங்கள், கடிதம் எழுதித் தருவார்கள். மற்றதில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஃபோனில் குரல் பதிவு செய்யக் காத்திருக்கிறார்கள். அம்மாமாரே, கங்காணி ஏசியதையும் சொல்லுங்கள், நீங்கள் திருப்பி ஏசியதையும் சொல்லுங்கள். பொன்னாடை அதற்குப் பிறகு.