எடை குறைக்கிற ஆப்பரேஷன்: வீட்டுக்கு வந்தப்புறம்தான் ரொம்ப கவனம் வேணும்

வணக்கம் மக்களே. எங்க அக்கா ஸ்லீவ் ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டாங்கன்னு போன வீடியோல சொன்னதுல இருந்து எல்லாரும் கேக்குறது ஒன்னுதான், உயிருக்கு ஆபத்தான்னு. இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன், ஆனா அது ஆயிரத்துல ஒன்னு ரெண்டு பேருங்கிற அளவுதான். எனக்கு பயமா இருக்கிறது, டிஸ்சார்ஜ் ஆனவுடனே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறாங்க பாருங்க, அதுதான்.

ஸ்லீவ்னா இரைப்பையில முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டு மீதிய ஸ்டேப்பிள் போட்டு மூடிடுவாங்க. அந்த ஸ்டேப்பிள் லைன்ல கசிவு வந்துச்சுன்னா விபரீதம், அது ஆஸ்பத்திரியிலயே வரணும்னு இல்ல, வீட்டுக்கு வந்து சில நாள், சில வாரம் கழிச்சும் வரலாம். சும்மா உக்காந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120க்கு மேல போகுது, காய்ச்சல், வயித்து வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குதுன்னா கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்துட்டு இருக்காதீங்க, நேரா ஏ அண்ட் ஈ, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க, முடியலன்னா சிங்கப்பூர்ல ஆம்புலன்ஸுக்கு 995 அடிங்க.

அடுத்தது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டி அது நுரையீரலுக்கு போறது. அதுக்குத்தான் ஆப்பரேஷன் அன்னிக்கே எழுந்து நடக்க சொல்வாங்க. அக்கா டிரிப் ஸ்டாண்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டு வார்டு காரிடார்ல நடந்தாங்க, வலிக்குதுன்னு அழுதாங்க, நர்ஸ் விடல, நல்லதுதான் பண்ணாங்க.

முன்னாடி செய்ய வேண்டியதும் இருக்கு. சிகரெட்ட நிறுத்தியே ஆகணும். ரெண்டு வாரம் போல கலோரி கம்மியான டயட் குடுப்பாங்க, அது கல்லீரல் சுருங்கி டாக்டருக்கு இடம் கிடைக்கத்தான், அதுல ஏமாத்தாதீங்க. சக்கரை மாத்திரை என்னென்ன எடுக்குறீங்கன்னு ஒன்னு விடாம சொல்லுங்க, சிலத முன்கூட்டியே நிறுத்தணும்.

அப்புறம் சாப்பாடு. முதல்ல மருந்து அளக்குற குட்டி கப்புல தண்ணி, அதையும் மெதுவா மெதுவாதான். பாக்க வர்ற சொந்தக்காரங்க ‘ஒரு வாய் சாப்பிடும்மா’ன்னு கெஞ்சாதீங்க ப்ளீஸ், அது வாந்தியிலதான் முடியும். விடாம வாந்தி எடுத்தா வைட்டமின் பி1 கொறஞ்சு மூளையையே பாதிக்கலாம், உடனே டாக்டர்கிட்ட போகணும். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும், சைவம்னா பி12 இன்னும் முக்கியம். நல்லாத்தானே இருக்கேன்னு ரத்தப் பரிசோதனைக்குப் போகாம விடுறவங்களுக்குத்தான் பின்னாடி கை கால் மரத்துப் போகுது. இரைப்பை பைபாஸ்னு இன்னொரு எடை குறைக்கிற ஆப்பரேஷன் இருக்கு, அத பண்ணவங்க முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென் போடாதீங்க, அல்சர் வரலாம், பனடால் (பாராசிட்டமால்) பரவாயில்லையான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

வெளிநாட்டுல சீப்பா பண்றாங்களாமேன்னு கேட்ட தம்பிக்கு: பண்ணலாம், ஆனா திரும்பி வந்து பத்தாவது நாள் ராத்திரி காய்ச்சல் வந்தா யாருக்கு ஃபோன் பண்ணுவீங்க, அத முடிவு பண்ணிட்டு டிக்கெட் போடுங்க. கல்யாணமான தங்கச்சிங்களா, ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் குழந்தை வேண்டாம்னு சொல்வாங்க, வீட்டுல மாமியார்கிட்டயும் அத இப்பவே சொல்லி வெச்சிருங்க.